அம்மா சாப்பிடுவதைப் பார்த்தவர்கள்

என் அம்மா சாப்பிடுவதைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் என் அப்பா, இன்னொருத்தி நான். அம்மாவுக்கு எழுபத்திமூன்று வயது ஆகும்வரை நிலைமை இதுதான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய அரிசி மண்டியில், முன்பின் தெரியாத ஒரு கூட்டம் பார்த்தது. சுவர் முழுக்க அம்மாவின் முகம். பல் தெரிந்தது, நாக்கு தெரிந்தது, தாடை அசைவது தெரிந்தது. பாதிப் பேர் கையில் டீ கப்போடு நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

படம் எடுத்தவர் என் கணவர். அதற்குப் பெயர் சோதனை வீடியோவாம். யாருக்குச் சோதனை என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவள் எதற்கு இந்தக் குதி குதிக்கிறாள் என்று தோன்றும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம். பெருமாள் அமுது செய்யும்போது திரை போட்டுவிடுவார்கள். சேவிக்க வந்தவர்கள் எவ்வளவு பெரிய மனிதர்களாக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அந்தப் பழக்கம் எங்களைப் போன்ற வீடுகளிலும் இருந்தது. பிறத்தியார் கண் எதிரே பெண்கள் சாப்பிடமாட்டார்கள். ஆசாரம் என்று ஒரு காரணம், கண் பட்டுவிடும் என்று ஒரு காரணம். ஓட்டல்கள் வந்தன, கல்யாண மண்டபங்கள் வந்தன, மற்ற வீடுகளில் அது போன இடம் தெரியவில்லை. என் அம்மா மட்டும் விடவில்லை. சமையலறை மூலையில் கொடி கட்டி, பழைய அரக்குப் புடவை ஒன்றை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

பத்து வயதில் நான் கேட்டேன், எதற்கு இதெல்லாம் என்று. அம்மா ஆசாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பசிங்கறது ஊருக்கெல்லாம் காட்டற சமாச்சாரமாடி?" என்றாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் சொன்னதில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். அந்த வீட்டில் இரண்டே அறை. சித்தப்பா குடும்பம், கல்யாணமாகாத அத்தை, வந்து போகிறவர்கள் என்று எந்நேரமும் ஆள். அம்மாவும் அப்பாவும் தனியாக நாலு வார்த்தை பேச இடமே கிடையாது. அப்பா மத்தியானம் மடப்பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும், அம்மா தன் தட்டோடு புடவை மறைப்புக்குள் போவாள். வெற்றிலையை மடித்துக்கொண்டு அப்பாவும் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரம். உள்ளேயிருந்து மெல்லிய குரலில் பேச்சு வரும், சில நாள் சிரிப்பு வரும். யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்தப் புடவைக்குப் பின்னால்தான் என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் உறைத்தது.

எனக்கு மட்டும் உள்ளே அனுமதி உண்டு. வயத்துல இருந்தவளுக்கு என்ன மறைப்பு என்பாள் அம்மா. அவள் மடியில் தலை வைத்துப் படுத்தபடி அவள் வாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. நீங்களும் எட்டிப் பார்க்க வந்தவர்கள்தான், அதனால்.

என் கணவர் பொன்மலைக்காரர். ரயில்வே பணிமனைக் குடும்பம். தில்லைநகரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். காதல் கல்யாணம்தான். அப்பா கடைசிவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதைப் பற்றிப் பேசி இப்போது என்ன ஆகப்போகிறது.

அவர் வீட்டில் சாப்பாடு என்றால் திருவிழா. ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்து, வாயில் சோற்றோடு சிரித்து, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு. என் மாமியார் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் சாப்பிடுவதை ஒவ்வொரு கவளமாகப் பார்ப்பார். புதுப்பெண்ணாகப் போன முதல் வாரம் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவருக்கு அது பாசம். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனால்தான் அந்த வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த கண்றாவிக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. என் கணவருக்குச் சாப்பாட்டில் மறைக்க எதுவும் இருப்பதாகவே தெரியாது.

ஸ்டுடியோவில் எடிட்டிங் என் வேலை. இருபது வருஷமாகத் திருச்சி, முசிறி, சமயபுரம் என்று ஊர் ஊராக மற்றவர்கள் வீட்டுக் கல்யாணங்களைக் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடியோவில் பந்தி என்று ஒரு பகுதி உண்டு. விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கேமராவோடு ஒருவர், வரிசையாகச் சாப்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேரே போவார்கள். வெளிச்சம் பட்டதும் எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். சிலர் இலையைப் பார்த்துக் குனிவார்கள், பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள், சாம்பாரில் விரலை வைத்தபடி அப்படியே சிலையாக இருப்பார்கள். வெளிச்சம் தாண்டிப் போனதும் மூச்சு வந்தவர்களைப் போல மறுபடி மெல்லுவார்கள். இதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். வாயில் சோற்றோடு யாருக்கும் கேமராவைப் பார்க்கப் பிடிக்காது. இது என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய உண்மை. தெரிந்து என்ன பிரயோசனம்?

நாற்பத்தைந்து வயதில் என் கணவருக்குக் கலை பிடித்தது. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், இவருக்கு இது. கல்யாணப் பெண்கள் கேமரா ஓடுவது தெரியாமல் உட்கார்ந்திருக்கும் துண்டுகளை, அதாவது நாங்கள் தூக்கிப் போடும் துண்டுகளை, சேர்த்து ஒரு படம் செய்தார். ஒருத்தி கொட்டாவி விடுவாள். ஒருத்தி காலை மாற்றி மாற்றி வைப்பாள். ஒருத்தி யாரையோ தேடுவாள். கேமராவைப் பார்க்காத முகம்தான் முகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சென்னையில் அதை எங்கோ போட்டார்கள். அந்தப் பெண்களிடம் கேட்டீர்களா என்றேன். பேர் போடலையே என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்தாள். ஸ்ரீரங்கத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நாங்கள்தான் ஸ்ரீரங்கத்திலேயே அம்மா மண்டபம் படித்துறைச் சாலைப் பக்கம் ஒரு அடுக்ககத்துக்கு வீடு மாறினோம். வந்த முதல் நாளே சமையலறை மூலையில் இரண்டு ஆணி அடிக்கச் சொன்னாள். மாப்பிள்ளைதான் அடித்துக்கொடுத்தார். அந்த அரக்குப் புடவையை மடித்துத் தொங்கவிட்டாள். அன்று மத்தியானம் மோர் கொண்டு கொடுக்க உள்ளே போனேன். அம்மா பேசிக்கொண்டிருந்தாள். எதிரே சுவர். அப்பா சாய்ந்து உட்கார்ந்திருப்பாரே, அந்த இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. நான் வெளி ஆள் இல்லையே. தம்ளரை வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

தினமும் அப்படித்தான். அவளுக்குக் காது மந்தம், தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாது. கொத்தவரங்காய் முத்தலாக இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காது என்பாள். இதோ, எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு நானே ஆரம்பித்துவிட்டேன். இதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

வெளியே சோபாவில் உட்கார்ந்திருந்த என் கணவரின் காதில் இது விழாமல் போகுமா? முதலில் சும்மா இருந்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். அத்தை சாப்பிடறதை ஒரே ஒரு தடவை எடுத்துக்கிறேன், எவ்ளோ அழகான விஷயம் தெரியுமா என்றார். பைத்தியமா உங்களுக்கு என்றேன். நான் துணி மாத்துறதையா எடுக்கப்போறேன், சாப்பிடறதைத்தானே என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. மாதக்கணக்கில் கேட்டார். கெஞ்சினார். உம்மென்று இருந்தார். முக்கொம்புக்கு ஒரு நாள் கூட்டிப்போய், பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். அங்கேயும் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இதுவரை அவரைத் திட்டியது போதும். கேமராவை வைத்தது நான்.

ஆமாம், நான்தான். தீப்பெட்டி அளவு கேமரா ஒன்று ஸ்டுடியோவுக்கு வாங்கியிருந்தோம். ஒரு புதன்கிழமை, அம்மா குளிக்கப் போயிருந்தபோது, அதை எடுத்துப் பொத்தானை அழுத்தி, மூலை அலமாரியில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே வைத்தேன். அம்மா உட்காரும் இடம் சரியாக விழுகிறதா என்று பார்த்துத் திருப்பி வைத்தேன். எனக்கு அது தொழில் இல்லையா, கோணம் தப்பாது. வெளியே வந்து, கை கழுவி, அப்பளம் பொரித்தேன்.

ஏன் செய்தேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். அம்மா போய்விட்டால் அந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அது உண்மை. ஆனால் அதற்கு என் கைக்குள் வைத்திருந்தால் போதுமே, அவரிடம் ஏன் காட்டினேன்? எனக்கு மட்டும் கிடைத்த ஒன்றை அவர் பார்த்து வியக்க வேண்டும் என்ற ஆசை. புது நகையைக் காட்டுகிற ஆசைதான். இதைவிடக் கேவலமான காரணம் இருந்தால் சொல்லுங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரைக் கண்டு நான் ஏமாந்தேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் என்றேன், சரி என்றார். ஒரு மாதம் கழித்து, பாலக்கரை மண்டியில் இளைஞர்கள் சிலர் ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள், சென்னையிலிருந்தெல்லாம் வருகிறார்கள், ஒரே ஒரு நாள்தான் என்று ஆரம்பித்தார். சண்டை போட்டேன். தட்டை விட்டெறிந்தேன். மூன்றாம் நாள், ஸ்டுடியோவில் ஒரு வளைகாப்பு வீடியோவை முடித்துக்கொண்டிருந்த அவசரத்தில், "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றேன். இதுதான் நான் கொடுத்த சம்மதம். என் அம்மாவுக்காக நான் கொடுத்தேன்.

அந்தப் படத்தை மட்டும் எடிட் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரொம்ப ரோஷக்காரி பாருங்கள். அதனால் அவர் எதை வைத்தார், எதை வெட்டினார் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் தனியாக மண்டிக்குப் போனேன். கணவர் கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். உள்ளே ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. ஒரு பக்கச் சுவரை வெள்ளையடித்து அதில்தான் படம். சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் எப்போதும் வரலாம், போகலாம். பெட்டிக்கடைக்கு வருவது போல வந்தார்கள். மென்றுகொண்டிருக்கும் ஒரு கிழவியை ஒரு நிமிஷம் பார்ப்பது, மொபைலைப் பார்ப்பது, மறுபடி கிழவி.

கண்ணாடி போட்ட ஒருவர் நாலு பேரைச் சுற்றி நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். சென்னைக்காரராம், இதைப் பற்றியெல்லாம் எழுதுகிறவராம். இது பார்வையின் வன்முறையைப் பற்றிய படைப்பு, பார்க்கிறவருக்கு வரும் குற்றவுணர்வுதான் இதன் மையம் என்றார். சொல்லும்போது அவர் கையில் பாதி கடித்த சமோசா. குற்றவுணர்வு வந்தால் வெளியே போக வேண்டியதுதானே ஐயா? வன்முறை என்று தெரிந்துகொண்டே நின்று பார்ப்பவருக்கு என்ன பெயர்? வாய்வரை வந்துவிட்டது. கலைஞரின் மனைவி என்று யாரோ அறிமுகப்படுத்தியதில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காலேஜ் பெண்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் சிரித்தார்கள். அம்மா அப்பாவிடம் எதையோ சொல்லி, தானே வெட்கப்பட்டுக்கொள்ளும் இடம். ஸோ க்யூட் என்றாள் ஒருத்தி. அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கை எழுந்தேவிட்டது. ஐம்பது வருஷம் ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்தி, அவரையும் பறிகொடுத்துவிட்டு வந்தவள் வெட்கப்படுகிறாள், உனக்கு அது க்யூட்டா?

படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. அப்போதுதான் முதல் காட்சியைப் பார்த்தேன். சுவரில் பெரியதாக ஒரு கை. விரல்கள் கேமராவைத் திருப்புகின்றன. நெளி மோதிரம், கட்டை விரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு. பிறகு என் முகம் வருகிறது. நேரே பார்க்கிறேன், சரியாக விழுகிறதா என்று தலையைச் சாய்க்கிறேன், விலகிப் போகிறேன். வெறும் தரை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து தட்டோடு உட்காருகிறாள். இதை அவர் வெட்டவே இல்லை. படத்தின் உயிரே அந்த ஆரம்பம்தான் என்று பிறகு சொன்னார்.

வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன். வாசலில் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா.

அவர் கெட்ட எண்ணத்தோடு கூட்டிவரவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். அத்தை, உங்களை வச்சு ஒரு படம் எடுத்திருக்கேன், நீங்க பாக்காம அது முடியாது என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். பொன்மலைப் பாசம். அம்மா ஏதோ போட்டோவைப் பெரியதாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வெளிர் மஞ்சளில் நல்ல நூல் புடவையாகப் பார்த்து உடுத்தி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். இருட்டில் கண் பழக அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சுவரைப் பார்த்தாள்.

படம் ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அவள் தோளைப் பிடித்தேன், வா போகலாம் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளும் நின்று பார்த்தாள். சுவரில் அவள் வாய் திறந்தது, மூடியது. சுற்றி நின்றவர்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், விலகி வழிவிட்டார்கள். படம் முடிந்தது. மறுபடி ஆரம்பம். கை வந்தது, மோதிரம் வந்தது, என் முகம் வந்தது. தோளில் இருந்த என் கையை அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு அதை எடுத்து, மெதுவாக, கீழே விட்டாள்.

நேரே சுவரை நோக்கி நடந்தாள். ப்ரொஜெக்டர் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது. சுவரில் அம்மா உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தாள். உயரம் போதவில்லை. குதிகாலை உயர்த்தி எம்பினாள். மறைக்கப் பார்த்த வாய் அவள் முதுகிலும் மஞ்சள் தலைப்பிலும் விழுந்து மென்றுகொண்டே இருந்தது. நகர்ந்து பார்த்தாள், அதுவும் அவள்மேலேயே நகர்ந்தது. கையை இறக்கவில்லை.

கூட்டத்தில் எல்லாரும் மொபைலைத் தூக்கினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். சமோசாக்காரர் பிரமாதம் என்றார், என் காதால் கேட்டேன். நான் மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைத் தேடிப் பிடித்து ப்ளக்கைப் பிடுங்கினேன். ஒரே இருட்டு. அதன் பிறகு கைதட்டினார்கள். நன்றாக, பலமாக, விடாமல் கைதட்டினார்கள். நாசமாய்ப் போகிறவர்களே, வெளியே போங்கள் என்று கத்தினேன். அதற்கும் இரண்டு பேர் தட்டினார்கள்.

ஆட்டோவில் நானும் அம்மாவும் மட்டும். எப்போதும் காவிரிப் பாலத்தில் கோபுரம் தெரிந்ததும் கையைக் கூப்புவாள். அன்று கூப்பவில்லை. தலைப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"அவரோட பேசிண்டிருந்தேனே. அதுவும் அவாளுக்கெல்லாம் கேட்டுதா?"

அவளுக்கு அந்த மண்டியில் படத்தின் சத்தம் சரியாகக் கேட்டிருக்காது. காது மந்தம் இல்லையா. இல்லை அம்மா, சத்தமே வைக்கலை என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஒரு பொய் சொன்னதில்லை. அம்மா தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் என் கணவர் வந்து அம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நடிப்பில்லை. மண்டியிலேயே மொபைல் வெளிச்சத்தில் பார்த்திருந்தேன், அவர் மட்டும் கைதட்டாமல் சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து அவர் முதுகைத் தொட்டாள். "எழுந்திருங்கோ மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவள் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? எனக்குத் தெரியுமே.

மறுநாள் மத்தியானம் சமையலறைக்குப் போனால் மூலை காலியாக இருந்தது. கொடியை அவிழ்த்து, ஆணிகளைப் பிடுங்கி, புடவையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். கூடத்துக்கு வந்து சாப்பாட்டு மேஜையில், மாப்பிள்ளைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மேஜையில் அவள் காபிகூடக் குடித்ததில்லை. நான் பதறிப்போய், அம்மா, மறுபடி கட்டித் தரேன், உள்ளே போய் சாப்பிடு என்று கெஞ்சினேன். அழுதேன்கூட. இனிமே யார் பார்த்தா என்ன என்றாள். சாதத்தைப் போடச் சொன்னாள்.

பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டாள். வாயை மூடி, பந்தியில் இலையைப் பார்க்கிறவர்களைப் போலத் தட்டைப் பார்த்து, சத்தமில்லாமல். ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்க்கவில்லை. என் கணவர் தன் தட்டில் ஒரு பருக்கையைத் தொடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசியதை நான் கேட்டதில்லை. குளிக்கும்போதாவது, விளக்கேற்றும்போதாவது பேசுகிறாளா என்று திருடி மாதிரி கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். இல்லை. நான் என்ன செய்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிகிறதா? ஒரு மனுஷியின் புருஷனை இரண்டாவது முறை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை ஹார்ட் டிஸ்கிலிருந்து நானே அழித்தேன். மூலக் கார்டையும் சேர்த்து. அழித்த பிறகுதான் தோன்றியது, அப்பாவோடு அவள் பேசிய பேச்சு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தையும் துடைத்துவிட்டேன் என்று. வைத்திருந்தாலும் பாவம், அழித்தாலும் பாவம். மண்டியில் தூக்கிய மொபைல்களில் அம்மாவின் முதுகு இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறதோ, அது பெருமாளுக்குத்தான் வெளிச்சம். சமோசாக்காரர் அதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தாராம். என் கணவர் படித்துப் பார்க்கிறாயா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அதற்குமேல் கேட்கவில்லை. கலையையும் அதோடு நிறுத்திவிட்டார். இப்போது கல்யாணங்களுக்குப் போனால் பந்திப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை. வீட்டுக்காரர்கள் கேட்டாலும் பேட்டரி இல்லை என்கிறார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர்தான். கொத்தவரங்காய் வதக்கியிருந்தேன், வேண்டுமென்றேதான். அம்மா மேஜையில் உட்கார்ந்தாள். கறியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. எதிரே சுவர் பக்கம் முகம் திரும்பியது. பேசு அம்மா, பேசு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அம்மா நிறுத்திக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள், ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள், காலண்டருக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். கடைசியில் என் மடியைப் பார்த்தாள். என் கைகள் மேஜைக்குக் கீழே இருந்தன.

"ரெண்டு கையையும் மேல வை" என்றாள். கோபமில்லை. உப்பை நகர்த்து என்று சொல்கிற குரல்தான்.

இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தேன். அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டே முதல் கவளத்தை எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் அவள் சொல்வதற்கு முன்பே நான் வைத்துவிடுகிறேன். அவள் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கிறவரை எடுப்பதில்லை.